படிப்பா பிள்ளையைக் கெடுத்தது?

1/
"படிச்சுப் படிச்சே இவளுக்கு மண்டை காஞ்சு போச்சு டாக்டர். ராத்திரி தூக்கமில்ல, சோறு இறங்க மாட்டேங்குது, கேட்டா அழுகுறா. இந்த வருசத்தோட காலேஜை நிறுத்திடலாம்னு அவங்க அப்பா சொல்றாரு. நீங்க என்ன சொல்றீங்க?"

பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் நோயாளிகளைப் பார்க்கும் எந்த டாக்டருக்கும் இந்தக் கேள்வி புதுசில்லை. வார்த்தை முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான். அம்மா பேசுவார். பொண்ணு தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

2/
இந்தக் கேள்விக்கு வயசு 150. நம்ம ஊர் அம்மாக்கள் கண்டுபிடித்த கேள்வி இல்லை இது. இதை முதலில் எழுதி, அச்சடித்து, உலகம் பூரா பரப்பியவர்கள் எங்க ஆளுங்கதான். அதாவது, டாக்டர்கள்.

இன்னைக்கு அந்தக் கதையைச் சொல்றேன். கொஞ்சம் நீளமான த்ரெட். டீ ஆறுறதுக்குள்ள முடியாது, பொறுமையா படிங்க. கடைசியில் அந்த அம்மாவுக்கான பதிலும் இருக்கு.

3/
1873, அமெரிக்காவின் பாஸ்டன் நகரம். எட்வர்ட் கிளார்க் என்ற டாக்டர், ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் பேராசிரியராக இருந்தவர், பெண்கல்வி பற்றி ஒரு புத்தகம் எழுதினார்.

அவர் வாதம் இதுதான்: உடம்பில் உள்ள சக்தி ஓர் அளவுதான். வயசுக்கு வந்த பொண்ணு ஆம்பளைப் பிள்ளை மாதிரியே மூளையைப் போட்டுக் கசக்கினால், கர்ப்பப்பைக்குப் போக வேண்டிய சக்தி மூளைக்குப் போய்விடும். நரம்பு தளரும், மாதவிடாய் கெடும், குழந்தை பிறக்காது.

4/
இதுக்கு ஆதாரம்? அவரிடம் வைத்தியத்துக்கு வந்த சில இளம்பெண்களின் கதைகள். அவ்வளவுதான். நல்லா இருக்கிற மாணவி எதுக்கு டாக்டரிடம் வரப்போகிறாள்? வந்தவர்களை மட்டும் பார்த்துவிட்டு, "படிக்கிற பொண்ணுங்க எல்லாரும் இப்படித்தான்" என்று முடிவு கட்டிவிட்டார்.

இது டாக்டர்கள் எல்லாரும் விழக்கூடிய குழி. நானும்தான். க்ளினிக்கில் உட்கார்ந்தால் ஊரே நோயாளியாகத்தான் தெரியும்.

5/
அடுத்த வருடம், 1874. லண்டனில் ஹென்றி மாட்ஸ்லி என்ற மனநல மருத்துவர் அதே வாதத்தை ஒரு பத்திரிகையில் எழுதினார். சாதாரண ஆள் இல்லை. இன்றைக்கும் லண்டனின் பெரிய மனநல மருத்துவமனை அவர் பேரில்தான் இருக்கு.

அவருக்கு அதே பத்திரிகையில் பதில் எழுதியவர் எலிசபெத் காரெட் ஆண்டர்சன். பிரிட்டனின் ஆரம்பகாலப் பெண் டாக்டர்களில் ஒருவர்.

6/
அவர் பதிலின் சாரம் இரண்டு. ஒன்று: வீட்டு வேலைக்காரப் பெண்கள் மாசம் முப்பது நாளும் ஓய்வில்லாமல் உழைக்கிறார்கள். அப்போது யாருக்கும் அவர்கள் கர்ப்பப்பை பற்றிக் கவலை வரவில்லையே?

இரண்டு: பள்ளி முடித்த பொண்ணு செய்ய எதுவும் இல்லாமல் வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறாளே, அந்தச் சலிப்புதான் அவள் மனசை அதிகம் கெடுக்கிறது.

7/
முதல் கேள்வியை நம்ம ஊருக்குக் கொண்டு வாங்க. வெயிலில் நாற்று நடுகிறவள், மரவள்ளிக் கிழங்கு பிடுங்குகிறவள், மலையிலிருந்து விறகு சுமக்கிறவள். "இவ உடம்பு தாங்குமா?"ன்னு யாராவது டாக்டரிடம் கூட்டிட்டு வந்திருக்காங்களா? புத்தகத்தைத் தூக்கும்போது மட்டும்தான் அந்த அக்கறை வருது.

8/
1876-ல் நியூயார்க் டாக்டர் மேரி புட்னம் ஜேகபி செய்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. அவர் சண்டை போடலை. 268 பெண்களிடம் கேள்வித்தாள் கொடுத்துக் கேட்டார். நாடித்துடிப்பும் தசைபலமும் அளந்தார். மாதவிடாய் நாட்களில் பெரும்பாலான பெண்களுக்குப் படிப்பை நிறுத்தி ஓய்வெடுக்க வேண்டிய அவசியமே இல்லை என்று காட்டினார். அந்த ஆராய்ச்சிக்குப் பரிசு கொடுத்தது யார் தெரியுமா? கிளார்க் இருந்த அதே ஹார்வர்டு.

9/
1885-ல் அமெரிக்கப் பட்டதாரிப் பெண்களின் சங்கம் 705 பேரிடம் உடல்நலக் கணக்கெடுப்பு நடத்தியது. முக்கால்வாசிக்கும் மேற்பட்டவர்கள் நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தார்கள். கிளார்க்கின் வாதம் எண்களிடம் தோற்றது.

ஆனா எண்ணிடம் தோற்ற ஒரு பயம், வீட்டுக் கூடத்தில் இன்னும் உயிரோடதான் இருக்கு. இல்லன்னா அந்த அம்மா என்னிடம் ஏன் கேட்கப் போறாங்க?

10/
சரி, நம்ம சென்னைக்கு வருவோம். இங்கே ஒரு சுவாரசியம்.

லண்டனில் "பொண்ணுங்க மூளை தாங்குமா"ன்னு பத்திரிகையில் சண்டை நடந்த அடுத்த வருடமே, 1875-ல், சென்னை மருத்துவக் கல்லூரி நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டது. அதில் ஒருவர் மேரி ஷார்லீப், வக்கீல் கணவரோடு சென்னைக்கு வந்தவர். ஆண் டாக்டர் தொடக்கூடாது என்பதால் பிரசவத்தில் பெண்கள் சாவதைப் பார்த்து, "அப்ப நான் டாக்டர் ஆகறேன்" என்று கிளம்பியவர்.

11/
1878-ல் இங்கே தேறினார். லண்டன் போய் மேல்படிப்பு முடித்துத் திரும்பி வந்து, 1885-ல் கோஷா பெண்களுக்கான மருத்துவமனையைத் தொடங்கினார். திருவல்லிக்கேணி கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை தெரியும்ல? அதுதான். இன்றைக்கும் அங்கே பிள்ளை பிறந்துகொண்டே இருக்கு.

12/
ஆனா கதையை ஒரு பக்கமாகச் சொன்னால் நான் பொய் சொன்னவன் ஆவேன். அதே கல்லூரியில் 1878-ல் இன்னொரு பெண் சேர்ந்தார். கிருபாபாய். மராட்டிய கிறிஸ்தவக் குடும்பம், அகமத்நகரில் பிறந்தவர், அப்போது வயது பதினாறு. இங்கிலாந்து போய்ப் படிக்க வாய்ப்பு வந்தும், உடல்நிலை காரணமாக அனுப்பாமல் சென்னைக்கு அனுப்பினார்கள்.

முதல் வருடம் அருமையாகப் படித்தார். பிறகு உடல் நொறுங்கியது. படிப்பை விட்டுவிட்டு ஊர் திரும்பினார்.

13/
"பார்த்தீங்களா, கிளார்க் சொன்னது சரிதானே?" என்று இங்கே ஒருத்தர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

அவர் சென்னைக்கு வரும்போதே உடல்நிலை சரியில்லை. உயிராக நேசித்த அண்ணனைச் சின்ன வயதிலேயே பறிகொடுத்தவர். பிறந்த ஊர் எங்கோ, மொழி வேறு, தெரிந்த முகம் இல்லாத நகரம். 140 வருடம் கழித்து அவருக்கு இன்ன நோய்தான் என்று நான் பெயர் வைக்கக் கூடாது. ஆனால் இத்தனையும் இருக்க, பழியை மட்டும் பாடப்புத்தகத்தின் மேல் போடுவது எந்த ஊர் நியாயம்?

14/
பிறகு என்ன நடந்தது? சாமுவேல் சத்தியநாதனைத் திருமணம் செய்துகொண்டு மறுபடி தமிழ்நாட்டுக்கு வந்தார். ஊட்டியில் இஸ்லாமியச் சிறுமிகளின் கல்விக்காக உழைத்தார். ஆங்கிலத்தில் 'சகுணா', 'கமலா' என்று இரண்டு நாவல்கள் எழுதினார். ஆங்கிலத்தில் நாவல் எழுதிய முதல் இந்தியப் பெண்களில் ஒருவர் என்று இலக்கிய வரலாறு அவரைச் சொல்லுது.

1894-ல் இறந்தபோது வயது 32. மூளையை ஓய்வில் வைத்ததால் அவர் தேறவில்லை. பக்கத்தில் ஆள் கிடைத்தது, தனக்குப் பிடித்த வேலை கிடைத்தது. தேறினது அப்பதான்.

15/
இந்த இடத்தில் த்ரெட்டின் மையக் கருத்தைச் சொல்லிடறேன். பெண் பிள்ளைகளின் மனசையும் உடம்பையும் கெடுத்தது படிப்பு இல்லை. படிப்பைச் சுற்றி இருந்த ஏற்பாடு. எங்கே தங்குவாள், என்ன சாப்பிடுவாள், எப்படிப் போய் வருவாள், யாரிடம் பேசுவாள், தோற்றால் என்ன ஆகும்?

நிலைமை மாறினதும் அறிவுரையால் மட்டும் இல்லை. ஒவ்வொரு முறையும் யாரோ ஒருத்தர் ஏற்பாட்டை மாற்றினார்கள். அப்போதுதான் பொண்ணுங்க நிமிர்ந்தாங்க.

16/
1886-ஆம் ஆண்டு இரண்டு பெண் குழந்தைகள் பிறந்தார்கள். ஒருவர் புதுக்கோட்டையில், முத்துலட்சுமி. இன்னொருவர் சென்னை மயிலாப்பூரில், சுப்புலட்சுமி.

முத்துலட்சுமி புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் சேர விண்ணப்பித்தபோது எதிர்ப்பு கிளம்பியது. ஒரு பொண்ணு வந்தால் பசங்க ஒழுக்கம் கெட்டுவிடுமாம்! மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதி கொடுத்ததால் சேர முடிந்தது. 1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரி, 1912-ல் பட்டம்.

17/
வகுப்பில் அவரைத் திரைக்குப் பின்னால் உட்கார வைத்தார்கள் என்று சொல்லப்படுகிறது. நாம் அதை வீரக்கதையாகப் படித்துவிட்டுக் கடந்துபோகிறோம். ஒரு நிமிடம் அந்தத் திரைக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்து பாருங்க. பக்கத்தில் தோழி இல்லை. சந்தேகம் கேட்க ஆளில்லை. தோற்றால் "சொன்னோம்ல" என்று சொல்ல ஊரே காத்திருக்கு. அந்தத் தனிமையையும் தாண்டித்தான் அவர் படித்தார்.

அவர் 1927-ல் சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்குப் போனதும், ஔவை இல்லம் தொடங்கியதும், 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை உருவாக்கியதும் எல்லாருக்கும் தெரியும்.

18/
சுப்புலட்சுமி கதை இன்னும் முக்கியம். குழந்தைத் திருமணம், விரைவிலேயே விதவை. அந்தக் காலத்து பிராமணக் குடும்பத்தில் அதற்கு அர்த்தம் மொட்டை, மூலை, மௌனம். ஆனால் அவர் வீட்டார் படிக்க வைத்தார்கள். 1911-ல் மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றார். சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்து விதவை அவர்.

19/
அடுத்த வருடம், 1912, என்ன செய்தார் பாருங்க. தன்னைப் போன்ற சிறுமிகளைக் கூப்பிட்டு "தைரியமா இரு, மனசை விட்டுடாதே" என்று பேசி அனுப்பவில்லை. வீடு எடுத்தார். எழும்பூரில் ஒரு வாடகை வீடு, அதில் ஒரு சில குழந்தை விதவைகள். தங்க இடம், வேளைக்குச் சாப்பாடு, சேர்ந்து படிக்கத் தோழிகள்.

பிறகு அந்த இல்லம் மெரினா கரையில் இருந்த ஐஸ் ஹவுஸ் கட்டடத்துக்கு மாறியது. இன்றைய விவேகானந்தர் இல்லம். எதிரே ஆள் முகத்தைப் பார்த்து 'சகுனம்' பேசாத கடல்.

20/
அதே காலத்தில் 1914-ல் சென்னையில் ராணி மேரி கல்லூரி, 1915-ல் பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரி, 1918-ல் வேலூரில் ஐடா ஸ்கடர் தொடங்கிய பெண்கள் மருத்துவப் பள்ளி. வேலூரில் முதல் அணி 14 பேர் 1922-ல் தேறி வந்தார்கள்.

இவை எல்லாவற்றுக்கும் ஒரு பொது அம்சம் உண்டு. வெறும் வகுப்பறையாக இல்லாமல், பெண்கள் சேர்ந்து தங்கிப் படிக்கும் இடமாகவும் இருந்தன. புதுக்கோட்டைத் திரைக்குப் பின்னால் தனியாக இருந்த பொண்ணுக்குக் கிடைக்காத தோழிகள் இங்கே கிடைத்தார்கள்.

21/
இதெல்லாம் சென்னை, வேலூர் கதை. நம்ம தருமபுரி?

1965 அக்டோபர் 2 வரைக்கும் நாம் சேலம் மாவட்டத்தின் ஓர் ஓரம். தருமபுரி அரசு கலைக் கல்லூரி வந்ததும் 1965-ல்தான். அதுக்கு முன்னால் பாப்பிரெட்டிப்பட்டிப் பிள்ளை கல்லூரி பார்க்கணும்னா மஞ்சவாடி கணவாய் தாண்டி சேலம் போகணும், இல்ல பொம்மிடியில் ரயில் ஏறணும். ஆம்பளைப் பிள்ளைக்கே அது பெரிய பயணம். பொண்ணை யார் அனுப்புவாங்க?

22/
அனுப்புறது அப்புறம். பிறந்த பெண் குழந்தை பிழைப்பதே கேள்வியாக இருந்த பகுதி இது. 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் முதலில் சேலத்தில் தொடங்கியதும், பிறகு தருமபுரிக்கு வந்ததும் ஏன் என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாநிலக் கல்வியறிவு 80.1 சதவீதம். தருமபுரி 68.5. தமிழ்நாட்டிலேயே கடைசி.

23/
அங்கிருந்து இன்னைக்கு எங்கே வந்திருக்கோம்? 1989-ல் எட்டாம் வகுப்பு வரை படித்த பெண்ணுக்குத் திருமண உதவி 5,000 ரூபாய் என்று மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் திட்டம் வந்தது. "எட்டாவது முடிக்கட்டும், அப்புறம் கட்டிக் கொடுக்கலாம்" என்று தகப்பன்கள் தள்ளிப்போட ஒரு காரணம் கிடைத்தது. பிறகு பள்ளிப் பெண்களுக்கு விலையில்லா சைக்கிள். 2021-ல் பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் கட்டணமில்லாப் பயணம். 2022 செப்டம்பர் 5 முதல் அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய், புதுமைப் பெண் திட்டம். இன்றைக்கு பாப்பிரெட்டிப்பட்டியிலேயே அரசு கலை அறிவியல் கல்லூரி இருக்கு.

கட்சி பேதம் பார்க்காமல் எண்ணிப் பாருங்க. ஒவ்வொன்றும் ஓர் ஏற்பாடு.

24/
ஆனா வாசல் வரைக்கும் கொண்டு வந்துவிட்டோம், மனசுக்கு என்ன செய்தோம்? இந்தப் பகுதியை எழுதுறது கஷ்டம். மனசு சரியில்லாமல் இருப்பவர்கள் இப்போதைக்கு 27-க்குத் தாண்டிப் போயிடுங்க.

வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் கணியம்பாடி ஒன்றியத்தில் ஒவ்வொரு இறப்பையும் கிராம சுகாதாரப் பணியாளர்கள் மூலம் பதிவு செய்து, வீட்டாரிடம் பேசிக் காரணம் கண்டறிந்து வந்தார்கள். 1992 முதல் 2001 வரை 10-19 வயதினரின் கணக்கு 2004-ல் லான்செட் இதழில் வெளிவந்தது.

25/
தற்கொலை விகிதம் ஆண்டுக்கு ஒரு லட்சம் இளைஞர்களில் ஆண்கள் 58, பெண்கள் 148. படிச்சப்ப எனக்குக் கை நடுங்கியது. உலகின் பெரும்பாலான நாடுகளில் ஆண்கள்தான் அதிகம். இங்கே தலைகீழ்.

இவர்கள் எல்லாரும் மாணவிகள் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். குடும்பச் சண்டை, தேர்வுத் தோல்வி, கைகூடாத காதல், மனநோய் என்று காரணங்கள் பல, பெரும்பாலும் ஒன்றோடு ஒன்று பின்னிக் கிடப்பவை. நடந்தது தூரதேசத்தில் இல்லை. நம்ம பக்கத்து வீடு மாதிரியான கிராமங்களில்.

26/
இதிலும் ஏற்பாடு உயிரைக் காப்பாற்றும் என்பதற்கு நம்ம மாநிலமே சாட்சி. சென்னையில் 1986-ல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் 'ஸ்நேகா' தற்கொலைத் தடுப்பு மையத்தைத் தொடங்கினார். தேர்வு முடிவு வரும் வாரங்களில் பிள்ளைகள் சாவதைப் பார்த்து, தோற்றவர்கள் ஒரு வருடம் காத்திருக்காமல் உடனே எழுத வழி வேண்டும் என்று குரல் கொடுத்தவர்களில் ஸ்நேகாவும் உண்டு. துணைத் தேர்வு வந்தது. "ஒரு வருசம் போச்சு"ங்கிற இடி, "அடுத்த மாசம் பார்த்துக்கலாம்" என்று சுருங்கியது.

அவரே பிறகு காட்டுமன்னார்கோயில் பக்கம், பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் பொது இடத்தில் பூட்டி வைக்கும் ஏற்பாட்டைச் சோதித்தார். பலன் தெரிந்தது. நம்ம மாவட்டத்திலும் விவசாய வீடுகள்தானே. புரியும்னு நினைக்கிறேன்.

27/
"மனநல டாக்டரா? அய்யோ, ஊர்ல கீழ்ப்பாக்கம்னு பேர் கட்டிடுவாங்க." இதுவும் வரலாறு கொடுத்த பயம்தான். சென்னையில் 1794-லேயே மனநோயாளிகளுக்கான விடுதி உண்டு. 1871-ல் கீழ்ப்பாக்கத்துக்கு மாறியது. மதில் சுவர், பூட்டு, அடைப்பு என்றே மக்கள் மனதில் பதிந்தது.

அந்த மருத்துவமனையை நடத்தி மாற்றியவர் டாக்டர் சாரதா மேனன், இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று போற்றப்படுபவர். 1984-ல் ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கினார். 2021-ல், 98 வயதில் மறைந்தார். வேலூர் சிஎம்சியிலோ 1950-களிலேயே நோயாளியோடு குடும்பமும் தங்கும் முறையைக் கொண்டு வந்துவிட்டார்கள்.

28/
இன்றைக்கு மனநல மருத்துவம்னா அடைப்பு இல்லை. தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மற்ற சீட்டு மாதிரிதான் மனநலப் பிரிவுக்கும் சீட்டு. பேசுவாங்க, தேவைன்னா மாத்திரை, வீட்டுக்குப் போகலாம். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின், உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவரைக் குற்றவாளியாக நடத்தாமல், மன அழுத்தத்தில் இருந்தவராகவே சட்டம் கருதுகிறது. அதனால் "போலீஸ் கேஸ் ஆகிடும்"னு பயந்து மறைக்காதீங்க.

29/
சரி, முதலில் வந்த அந்தப் பொண்ணிடம் திரும்புவோம். அம்மாவைக் கொஞ்சம் வெளியே உட்கார வைத்துவிட்டு இப்படித்தான் கேட்பேன். எத்தனை மணிக்கு எழுந்திரிக்கிற? அஞ்சு. வீட்டு வேலை? உண்டு. காலைல சாப்பிட்டியா? பஸ் போயிடும் சார். தண்ணி? குடிச்சா பாத்ரூம் போகணும்ல, அதான் குடிக்கிறதில்ல. மாதவிடாய்? ரொம்ப போகுது. ராத்திரி எப்ப படுக்குற? போன் பார்த்துட்டு, பன்னெண்டு ஒண்ணு ஆகிடும்.

இந்தப் பட்டியலில் படிப்பு எங்கே இருக்கு?

30/
தமிழ்நாட்டில் 15-49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்றது தேசியக் குடும்பநல ஆய்வு (2019-21). பாதிக்கு மேல்! இரும்புச்சத்து குறைந்தால் வெறும் களைப்பு மட்டுமில்லை. கவனம் நிற்காது, எரிச்சல் வரும், படித்தது மண்டையில் ஏறாது. தூக்கக் குறைவும் அதேதான். தண்ணீர் குடிக்காமல் இருந்தால் தலைவலி, சிறுநீர்த் தொற்று. இதெல்லாம் சேர்ந்தா வெளியே பார்க்க "படிச்சுப் படிச்சு மண்டை காஞ்ச" மாதிரிதான் இருக்கும்.

31/
இன்னொன்று கவனிச்சீங்களா? சத்துணவு பத்தாம் வகுப்போடு முடியுது. பள்ளியில் வாரா வாரம் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையும் பலருக்கு கல்லூரி வாசலில் நின்றுவிடுகிறது. அதுக்கப்புறம் அவள் சாப்பாடு அவள் பாடு. நம்ம ஏற்பாட்டில் இன்னும் ஓட்டை இருக்கிற இடம் இதுதான்.

32/
எல்லாம் ரத்தசோகைன்னு முடிச்சுடவும் கூடாது. இரண்டு வாரத்துக்கு மேல் மனசு சோர்ந்தே இருப்பது, பிடித்தது எதுவும் பிடிக்காமல் போவது, காரணமில்லாத அழுகை, தூக்கமும் பசியும் மாறிப்போவது, "நான் எதுக்கும் லாயக்கில்ல" என்ற பேச்சு. இது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். சோம்பேறித்தனம் இல்லை, திமிர் இல்லை, காத்துகருப்பும் இல்லை. சர்க்கரை நோய் மாதிரி இதுவும் வைத்தியம் உள்ள நோய். "சாகணும் போல இருக்கு"ன்னு சொன்னால், அதே நாளில் மருத்துவமனை. நாளைக்குன்னு தள்ளாதீங்க.

33/
வீட்டுக்கு நான் சொல்வது:
• ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்த அளவு பாருங்க. 12-க்குக் கீழே இருந்தால் வைத்தியம் தேவை.
• காலையில் களி, கூழ், முட்டை, எது இருக்கோ அதைக் கொடுத்து அனுப்புங்க. வாரம் மூணு நாள் கீரை. சாப்பிட்ட உடனே டீ வேண்டாம், இரும்புச்சத்து உடம்பில் சேராது.
• பூச்சிமருந்து, எலிமருந்தைப் பூட்டி வைங்க. முடிந்தால் வீட்டிலேயே வைக்காதீங்க.
• பரீட்சை மாசத்தில் வீட்டு வேலையை அண்ணன் தம்பியும் பங்கு போடட்டும். கை தேஞ்சிடாது.
• மார்க்கைப் பற்றிக் கேட்கும் முன் "சாப்பிட்டியா, தூங்கினியா"ன்னு கேளுங்க.

34/
கல்லூரிகளுக்கு: தண்ணீர் வரும், தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை. நாப்கினும், அதைப் போட ஒரு மூடிய தொட்டியும். விளையாட்டு நேரத்தில் பெண்களுக்கும் மைதானம். பேசினால் வெளியே சொல்லாத ஓர் ஆசிரியை.

மாணவிகளுக்கு: ஏழு எட்டு மணி நேரத் தூக்கம். படுக்கும்போது போன் கைக்கு எட்டாத தூரத்தில். தினம் அரை மணி நடை. எல்லாத்தையும் பேசக்கூடிய ஒரு தோழி. சுப்புலட்சுமி வீடெடுத்துக் கொடுத்ததும் இதைத்தானே?

35/
அந்த அம்மாவுக்கு என் பதில்: "காலேஜை நிறுத்தாதீங்கம்மா. உங்க பொண்ணு உங்களிடம் மனசு விட்டு அழறாளே, அதுவே பாதி தெம்பு. ரத்தத்தைப் பார்ப்போம், தூக்கத்தைச் சரி பண்ணுவோம், தேவைன்னா மனநல டாக்டரையும் பார்ப்போம். தேவைப்பட்டா ஒரு பேப்பரை அடுத்த தடவை எழுதட்டும். ஆனா வீட்டோட உட்கார வைச்சிடாதீங்க. இவ சிரிக்கிற நேரமே தோழிங்களோட பஸ்ல வர்ற நேரம்தான். அதையும் பிடுங்கிட்டா அப்புறம் என்கிட்ட மருந்து இல்ல."

அம்மா பையில் இருந்து கடலைமிட்டாய் எடுத்துப் பொண்ணு கையில் கொடுத்தால், பாதி வைத்தியம் அங்கேயே ஆரம்பிச்சிடுது.

36/
மனசு கனமா இருக்கா? யாரிடமும் சொல்ல முடியலையா? 14416-க்குக் கூப்பிடுங்க. டெலி மனஸ், 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். 104-லும் பேசலாம்.

வீட்டில் கல்லூரி போகும் பொண்ணு இருக்கும் ஒருத்தருக்காவது இதை அனுப்புங்க. முக்கியமா அப்பாக்களுக்கு.